வீட்டைச் சுற்றி ஏறும் வழி

பாப்பாமோட்டை,
மன்னார்.
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் அன்பு மகள் தர்ஷிகாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் தம்பி சஜீவனும் நானும் காய்ந்த தரையில், கூரைக்குக் கீழே, நல்ல சுகத்தோடு இருக்கிறோம். அதுபோல நீயும் கடல் தாண்டிய அந்த ஊரில் தடிமன் காய்ச்சல் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மடு மாதாவை மன்றாடிவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் கதைக்கிற காலத்தில் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்கிறது, நீயும் அழுகிறாய், பிறகு இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமலே வைத்துவிடுகிறோம். அன்றைக்கு நீ, அம்மா என்ன நடந்தது என்று முதலில் இருந்து ஒழுங்காகச் சொல்லுங்கோ என்று கேட்டாய் அல்லவா, ஒழுங்காகச் சொல்ல எனக்குக் கடதாசிதான் சரி. உன்னோடு அந்த முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற எருக்கலம்பிட்டிப் பிள்ளை ஷிஹானா லீவு முடிந்து வியாழக்கிழமை சைப்பிரஸுக்குத் திரும்பிப் போகிறாளாம், நேற்று எங்களைத் தேடி வந்தாள், நல்ல பிள்ளை, வெறுங்கையோடு வராமல் ஒரு பை நிறையப் பேரீச்சம்பழம் கொண்டுவந்தாள். அவள் கையில் இந்தக் கடிதத்தையும் பாரைக் கருவாட்டையும் ஒடியல் மாவையும் கொடுத்துவிடுகிறேன். பயப்படாமல் வாசி மகள், முடிவு நல்ல முடிவு, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உனக்குப் பாதி தெரிந்த கதையில் இருந்துதான் தொடங்க வேண்டும். அப்பா வாய்க்கால் கட்டின் மேல் உழவு மெசினோடு புரண்டு, இரண்டு காலும் உணர்வில்லாமல் போய், சில்லுக் கதிரைக்கு வந்த அடுத்த வருடமே அந்தப் பழைய வெள்ளம் வந்தது. பழைய வீட்டின் அத்திவாரம் ஒன்றரை அடிதான். தண்ணீர் உள்ளே வந்து கட்டில் மெத்தை மிதந்தது. நாலு பேர் சேர்ந்து அப்பாவை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள், நடு றோட்டில் கதிரைக் கால் முறிந்து அவர் தண்ணீருக்குள் விழுந்தார், சாரம் அவிழ்ந்து மிதந்தது. தூக்கினவர்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பாவம், பயத்தில் வந்த சிரிப்பு. யாரோ ஒருவன் அதைப் போனில் பிடித்து பேஸ்புக்கில் போட்டான், நீ அங்கே இருந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அழுதாய். அதை அப்பாவும் பார்த்தார் என்பது உனக்குத் தெரியாது. தம்பியின் போனில் தற்செயலாக வந்துவிட்டது. முழுக்கப் பார்த்தார், போனை அவனிடமே திருப்பி நீட்டினார். பின்னேரம் நான் தேத்தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல், "இனி ஒருத்தரும் என்னைத் தூக்கக் கூடாது கிறேஸ். அடுத்த முறை தண்ணி வந்தா நீங்கள் போங்கோ, நான் இருப்பன்" என்றார். கோபத்தில் சொல்லுகிறார், ஆறிவிடும் என்று நான் நினைத்தேன். ஆறவில்லை. வானம் கறுத்தாலே எனக்கு அந்தச் சொல்தான் காதுக்குள் கேட்கும். மழை வேண்டும் என்று ஊரே கோவிலில் மன்றாடும்போது நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அந்த வெள்ளத்தில் பழைய வீட்டுச் சுவர் மூலைக்கு மூலை வெடித்துவிட்டது. ஒட்டுப் போட்டுப் பார்த்தோம், சரிவரவில்லை, இடித்துத்தான் கட்ட வேண்டும் என்றாகிவிட்டது. அதற்காகத்தான் நீயும் அங்கே இன்னும் உடம்பை முறிக்கிறாய், எனக்குத் தெரியும். இடிக்கிறதுக்கு முதல் நான் போய்ச் சுவரைப் பார்த்தேன். தண்ணீர் வந்து நின்ற இடத்தில் மண்நிறத்தில் ஒரு கோடு இருந்தது, எத்தனை தரம் வெள்ளையடித்தாலும் ஊறி வெளியே வந்துவிடும் கோடு. புது வீட்டின் நிலம் அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும் என்றேன். தம்பி அளந்தான், நாலு அடி வந்தது. அப்பா உடனே, "நாலடிக்கு மேல நான் எப்பிடி ஏறுறது? பழைய உயரமே போதும். என்ர சில்லில நானே உள்ளுக்கு வந்து நானே வெளிய போவன்" என்றார். தண்ணீர் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "வந்தா வரட்டும்" என்றார். அதற்குப் பிறகு அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம், சாப்பாட்டுக் கோப்பையை வைக்கிற சத்தத்தில்தான் எங்களுக்குள் கதை. இரண்டு பேரிலும் பிழை இல்லை மகள், அதுதான் அந்தச் சண்டையில் இருந்த கஷ்டம். உயர்த்தினால் அவருக்கு வீடு மறியல், வெளியே வர ஏலாது, தாழ்த்தினால் எல்லோரும் தண்ணீருக்குள்.

மேசன் யாகப்பர் நடுவில் நின்று திண்டாடினார். "மரியதாஸ் அண்ணை, ஏன் யோசிக்கிறீங்கள், உயத்திக் கட்டிப் படி வைப்பம். நாங்கள் நாலு பேர் பக்கத்திலதானே இருக்கிறம், ஒரு சத்தம் குடுத்தா ஓடி வந்து தூக்கி வைப்பம்" என்றார். அன்பாகத்தான் சொன்னார். அப்பா சில்லைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், அன்று மத்தியானம் சாப்பிடவும் வரவில்லை. யாகப்பருக்கு எதனால் என்று விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை.

நான் பிறந்தது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில். அங்கே எந்த நாளும் தூறும், பெய்த தண்ணீர் சரிவால் இறங்கித் தன் பாட்டில் போய்விடும், கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். இங்கே அப்படியா? வைகாசியில் தொடங்கினால் புரட்டாசி மட்டும் சோளகக் காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து சோற்றுக்குள் போடும், மேற்குச் சுவரில் கை வைக்க ஏலாது, கிணற்றுத் தண்ணீர் உவர்த்துப் போகும். பிறகு ஐப்பசி கார்த்திகையில் வாடையோடு வருகிற மழை பக்கவாட்டில் அடித்து யன்னல் இடுக்கால் உள்ளே வரும், வயலும் குளமும் றோட்டும் ஒன்றாகிவிடும், தண்ணீருக்குப் போக இடம் இல்லை. வானம் பத்து மாதம் எங்களை மறந்துவிட்டு இரண்டு மாதத்துக்குள் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டுகிறது. இரண்டு ஊருக்கு வேண்டிய வீட்டை ஒரே அத்திவாரத்தில் கட்டுவது போலத்தான், அதற்குள் சில்லுக் கதிரைக்கும் வழி விட வேண்டும். நான் படுக்கையில் கிடந்து யோசித்து யோசித்துத் தலையிடிதான் மிச்சம்.

அந்த நேரம்தான் நீ பதிந்து அனுப்பின குரல் போனில் வந்தது. தம்பி எல்லோருக்கும் கேட்கப் போட்டுவிட்டான். "அம்மா, இஞ்ச எங்கட இல்லத்தில ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் விட்டுச் சரிவு போட்டிருக்கினம். அப்பத்தான் ஆள் தானாத் தள்ளிக்கொண்டு ஏறலாம், அதைவிடக் குத்தெண்டாக் கதிரை பின்னால புரளும்" என்று சொல்லியிருந்தாய். யாகப்பர் விரலை மடித்து எண்ணிப் பார்த்துவிட்டு, "அப்ப நாலடிக்கு நாப்பத்தெட்டு அடி. கேற்றைத் தாண்டி, றோட்டைத் தாண்டி, முன்வீட்டுப் பாலம்மா அக்கான்ர ஆட்டுக் கொட்டிலுக்குள்ள போய் நிக்கும்" என்று சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நாற்பத்தெட்டு, நாற்பத்தெட்டு என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து ஓட்டோவில் வந்துகொண்டிருந்தோம். குளக்கட்டு வந்ததும் அப்பா நிற்பாட்டச் சொன்னார். யாரோ ஒருவர் உழவு மெசினில் நெல்மூட்டை ஏற்றிக்கொண்டு கட்டின் மேலே ஏறிக்கொண்டிருந்தார். அப்பா இறங்கவில்லை, ஓட்டோவுக்குள் இருந்தபடியே கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். உழவு மெசினைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறவர் இப்படிப் பார்க்கிறாரே என்று எனக்குப் பயம். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "இஞ்ச பார் கிறேஸ், அவன் நேரா ஏறேல்ல. நேரா ஏத்தினா முன்சில்லைத் தூக்கிப்போடும். கட்டோட அணைச்சு, சாய்ச்சுச் சாய்ச்சுத்தான் ஏத்தோணும். முப்பது வருசமா நான் ஏத்தினனான், இது எனக்கேன் முன்னமே விளங்கேல்ல? வீட்டையும் சுத்தித்தான் ஏறோணும்!" என்றார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் வாயில் உழவு மெசின் கதை வந்தது அன்றைக்குத்தான். வீட்டுக்கு வந்ததும் தம்பி ஒரு தடியை எடுத்துக் கொடுத்தான், அப்பா கதிரையில் இருந்தபடி முற்றத்து மண்ணில் கீறிக் காட்டினார், யாகப்பர் வந்து குந்தி இருந்து பார்த்தார், நானும் பார்த்தேன், சண்டையை மறந்து இரண்டு பேரும் ஒரே கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சரிவு பின் வளவில் தொடங்கும். அங்கே நிலம் கொஞ்சம் மேடு, வெள்ளம் கடைசியாகத்தான் எட்டும். வீட்டின் மேற்குச் சுவரோடு ஒட்டியபடி மெல்ல ஏறி, மூலையில் கதிரை நின்று மூச்சுவிட ஒரு சமதளம், அங்கே திரும்பித் தெற்குச் சுவரோடு ஏறி முன்வாசலில் முடியும். நடக்கிறவர்களுக்கு வாசலுக்கு நேரே படியும் இருக்கிறது. மழையில் வழுக்கக் கூடாது என்று சரிவு முழுவதற்கும் மேலே கூரையை இழுத்துவிட்டோம். அப்படி இழுத்தபோதுதான் யாகப்பர், "அண்ணை, வெயில் அடிக்கிறதும் சோளகம் அடிக்கிறதும் இந்த ரெண்டு சுவரிலதானே, ரெண்டுக்கும் இப்ப விறாந்தை வந்திட்டுது" என்றார். ஏறுகிற விறாந்தை என்று ஊரில் பெயர். வாடை மழை அடிக்கிற வடக்கிலும் கிழக்கிலும் யன்னலைச் சின்னதாக்கித் தாழ்வாரத்தை நீட்டிவிட்டோம். முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் வெக்கை வெளியேறத் துவாரம். கூரைத் தண்ணீர் பீலியால் போய் ஒரு தாங்கியில் விழும், கோடைக்குக் குடிக்க. சரிவின் சீமெந்து காய முதல் அப்பா கூட்டுகிற தும்புத்தடியை வாங்கிக் குறுக்காக வரி வரியாக இழுக்கச் சொன்னார், சில்லுப் பிடிக்கட்டும் என்று. ஓரத்தில் சில்லு வெளியே ஓடாமல் சின்னக் கட்டு வைக்கச் சொன்னது நீ. குசினியைப் பற்றி என்னைக் கேட்டார்கள், வடகிழக்கு மூலையில் வைக்கச் சொன்னேன், சோளகம் புகையை வெளியே கொண்டுபோகட்டும் என்று. அதில் நான் பாதிதான் சரி, அதைப் பிறகு சொல்லுகிறேன்.

ஊருக்கு நாங்கள் நல்ல பகிடி ஆனோம். மரியதாஸ் வீட்டைச் சுற்றி றோட்டுப் போடுகிறார் என்றார்கள். பாலம்மா அக்கா கூட, "என்ன கிறேஸ், உங்கட வீட்டை மூண்டு தரம் சுத்திவந்து கும்பிட்டிட்டோ உள்ளுக்கு வாறது?" என்று கேட்டாள். அப்பா பொருட்படுத்தவில்லை. வீடு குடிபுகுந்த அன்றைக்குப் பங்குச் சுவாமி வந்து மந்திரித்து முடிந்ததும் ஒருத்தரையும் கிட்ட வர விடாமல் கீழே இருந்து மேலே தனியாகத் தள்ளிக்கொண்டு ஏறினார். மூலையில் நின்று களைப்பாறினார். பிறகு திரும்ப இறங்கி, திரும்ப ஏறினார். சோளக மாதங்களில் மேற்குச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், குளிர்ச்சி இல்லை, ஆனால் கொதிக்கவில்லை. ஆனாலும் மகள், அந்தப் பழைய சொல்லை அவர் திருப்பி எடுத்ததாக ஒரு நாளும் சொல்லவில்லை. நான் மாரிகாலத்தை நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

கார்த்திகைக் கடைசியில் வந்தது. முதல் நாள் தம்பி மன்னார் ரவுனுக்குச் சாமான் வாங்கப் போனவன், மழையில் அங்கேயே நின்றுவிட்டான். விடிந்து பார்த்தால் போனும் இல்லை, கரண்டும் இல்லை. அப்பா வழக்கம்போலக் காலமை கேற்றடியில் சாமான் திருத்துகிற தன் கொட்டிலுக்குப் போய், யாருடையதோ மருந்தடிக்கிற மெசினைக் கழற்றிக்கொண்டிருந்தார். மழைதானே, வேலை செய்தால் நேரம் போகும் என்றார். குளம் மேவிப் பாய்கிறதாம் என்று றோட்டால் ஓடினவர்கள் கத்திக்கொண்டு போனார்கள். நான் எட்டிப் பார்க்கிறேன், றோட்டுக்கு மேலால் தண்ணீர் சத்தமே இல்லாமல் ஒரு பாயை விரிக்கிற மாதிரி வந்துகொண்டிருக்கிறது. ஓடிப் போனேன். அப்பா நட்டுக் கழற்றுகிற சாவிகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார், அவசரம் இல்லை. இந்த மனிதன் இங்கேயே இருக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். "இஞ்சேருங்கோ, வாங்கோ" என்று கெஞ்சினேன். அவர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, "வாறன்தானே, ஏன் அழுறாய்?" என்றார். அந்த "வாறன்" என்ற சொல்லைக் கேட்டு நான் இன்னும் கூட அழுதேன்.

முற்றம் ஏற்கனவே சேறு. பாதி தூரத்தில் முன்பக்கத்துச் சின்னச் சில்லு இரண்டும் புதைந்துவிட்டது. பாலம்மா அக்கா றோட்டைக் கடந்து ஓடி வந்து கதிரையின் பின்பிடியைப் பிடித்தாள். அப்பா, "விடுங்கோ அக்கா. சேத்தில முன்சில்லை நம்பக் கூடாது" என்றுவிட்டுக் கதிரையை அப்படியே மறுபக்கம் திருப்பினார், பெரிய சில்லு முன்னுக்கு வர, பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர் எங்களுக்குக் கணுக்காலுக்கு வந்துவிட்டது. மேற்குப் பக்கத்தால் வளவைச் சுற்றிப் பின்னுக்குப் போய்ச் சரிவின் அடியில் சில்லை ஏற்றியதும், தும்புத்தடி இழுத்த வரியில் அது கரகரவென்று பிடித்தது, அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஏறினார். நான் பின்னால் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தேன், தொடாமல். மூலையில் நின்று மூச்சு வாங்கினார், தலையில் இருந்து தண்ணீர் வடிந்தது. பிறகு திரும்பி வாசல் வரை. உள்ளே போய் முதலில் கேட்டது துவாய். இரண்டாவது கேட்டது, "பாலம்மா அக்கா ஏன் இன்னும் தண்ணிக்குள்ள நிக்கிறா? ஆடுகளையும் கொண்டரச் சொல்லு."

ஆடுகள் வழுக்கிய படியில் ஏற மறுத்தன, சரிவில் தங்களுக்கென்றே கட்டின மாதிரி வரிசையாக ஏறி வந்தன. பாலம்மா அக்கா தன் மருமகள் யதுர்சிகாவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள், அந்தப் பிள்ளைக்கு மாசம் நிறைந்து இன்றோ நாளையோ என்று இருந்தது, மகன் சவூதியில். பிறகு யாகப்பர் குடும்பத்தோடு வந்தார், தலையில் மனைவியின் தையல் மெசின். பிறகு யார் யாரோ. மோட்டச் சைக்கிள்களைக்கூட உருட்டி மேலே ஏற்றிவிட்டார்கள். வீடு நிறைந்து விறாந்தை நிறைந்து குசினிக்குள்ளும் ஆட்கள். அப்பா உள்ளே இருக்கவில்லை மகள். தண்ணீர் சரிவால் ஏறத் தொடங்கியதும் அவர் தண்ணீரின் விளிம்பில் போய்க் கதிரையை நிறுத்திக்கொண்டார். அது ஒரு முழம் ஏற இவர் ஒரு முழம் பின்னுக்கு. அது மூலையைப் பிடிக்க இவர் மூலைக்கு மேலே. யாராவது வந்து உள்ளே வாங்கோ அண்ணை என்றால், "நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் சின்னனுகளைப் பாருங்கோ" என்பார். தண்ணீர் எவ்வளவு என்று எல்லோரும் அவரைத்தான் கேட்டார்கள். இருட்டின பிறகு நடந்ததை எழுதவில்லை, செபமாலை சொன்னோம், அவ்வளவுதான். விடிந்தபோது அப்பா வாசலுக்குக் கிட்ட இருந்தார், ஆனால் வாசலுக்கு வெளியேதான் இருந்தார். "நிண்டிட்டுது" என்றார். வீட்டு நிலத்துக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றுவிட்டது. யாகப்பர் அப்பாடா என்று தலையில் கை வைத்துக்கொண்டு சரிவிலேயே குந்திவிட்டார்.

அன்று காலை நேவியின் போட் வந்தது. நடக்க ஏலாதவர்களை முதலில் ஏற்றச் சொல்லி அனுப்பியிருந்தார்களாம். போட்டின் மூக்கு எங்கள் சரிவில் வந்து முட்டி, இறங்குதுறையில் நிற்கிற மாதிரி நின்றது. ஒரு பெடியன் குதித்து ஓடி வந்து அப்பாவைத் தூக்கக் குனிந்தான். பாவம், நல்ல மனதோடுதான் வந்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்பா கையை உயர்த்தி, "எபா மல்லி. தே பீலா யன்ன" என்றார், வேண்டாம் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ என்று தன் அரைகுறைச் சிங்களத்தில். அந்தப் பெடியன் நிமிர்ந்து, வீட்டைப் பார்த்து, ஆட்டைப் பார்த்து, அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். பல் தெரியச் சிரித்தான். அப்பாவும் சிரித்தார். போட்டில் வந்த நாலு பேருக்கும் தாங்கித் தண்ணீரில் தேத்தண்ணீர் போட்டேன், கிணறு மூடிப்போனாலும் அந்தத் தாங்கி எங்களைக் காப்பாற்றியது. யதுர்சிகாவுக்கு விடிகாலையில் இருந்தே வயிற்றுக் குத்து, வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்பா அவளைக் காட்டி, எனக்குப் பதில் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோங்கோ என்றார். அவள் மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு சரிவால் மெல்ல நடந்து இறங்கிப் போட்டுக்குள் கால் வைத்தாள், ஒருத்தரும் அவளைத் தூக்க வேண்டி வரவில்லை. மன்னார் ஆசுபத்திரியில் பெண்குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். பெயர் இன்னும் முடிவாகவில்லை, உன் பெயரை வைக்கலாமோ என்று பாலம்மா அக்கா கேட்டாள், உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.

தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் அப்பா அதன் பின்னால் இறங்கினார். மடியில் ஒரு வாளி, கையில் தும்புத்தடி, விட்டுப்போன சேற்றைத் தள்ளித் தள்ளி. அடியில் போய் முற்றத்துச் சேற்றுக்கு முன்னால் அவர் நிற்கும்போதுதான் தம்பி வந்தான். றோட்டு அறுந்த இடத்தில் இருந்து இடுப்பளவு தண்ணீருக்குள்ளால் நடந்து வந்திருக்கிறான், அம்மா தனிய அப்பாவை என்ன செய்திருப்பா என்று நினைத்து நினைத்து வழி முழுக்க அழுதிருக்கிறான், கண் இரண்டும் வீங்கிப்போய். அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டான். அப்பா அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "காலைக் கழுவிப்போட்டு ஏறு தம்பி, இப்பத்தான் கூட்டினனான்" என்றார். அவன் சேற்றோடு போய் அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். அப்பா தும்புத்தடியைக் கீழே போட்டுவிட்டு அவன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழு மூச்சு விட்டேன்.

வீட்டில் பிழை இல்லை என்று நினைக்காதே. சரிவுக் கூரை வீட்டுக் கூரையோடு சேருகிற இடத்தில் ஒழுகுகிறது, அந்த ஓடுகளை மாற்ற வேண்டும். குசினிப் புகை சோளகத்துக்கு நல்லாய்ப் போகிறது, வாடைக்கு அப்படியே திரும்பி வீட்டுக்குள் வருகிறது, அத்தனை பேருக்குச் சமைத்தபோது எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னைத் திட்டாத குறை, இந்தக் கோடைக்குள் புகைபோக்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடு ஏறுகிற வழியால் ஒரு சாரைப் பாம்பும் ஏறி வந்து தையல் மெசினுக்குள் சுருண்டு கிடந்தது, யாகப்பரின் மனைவி இன்னும் அந்த மெசினைத் தொடவில்லை. ஊரில் வயல் எல்லாம் அழிந்துதான் போயிற்று, அந்தக் கவலை இருக்கிறது, ஆனாலும் எங்கள் பக்கத்தில் உயிருக்கு ஒன்றும் இல்லை. இப்போது யாகப்பர் இன்னும் இரண்டு வீட்டுக்கு இதே மாதிரிச் சரிவு கீறித் தரச் சொல்லி அப்பாவிடம் வந்து போகிறார். இவரும் கொட்டிலுக்கு வெளியே மண்ணைச் சமப்படுத்தி வைத்துக்கொண்டு, இங்கே வெயில், இங்கே காற்று என்று ஒரே கீறல்தான். வந்தவர்களிடம் முதலில், உங்கள் வீட்டில் யாருக்கு ஏற ஏலாது என்று கேட்கிறார். யாரும் இல்லை என்றால், இனிமேல் வரும் என்கிறார்.

மகள், உன் இடுப்பைப் பார்த்துக்கொள். ஆட்களைத் தூக்கிப் படுக்க வைக்கிற வேலை, குனிந்து தூக்காதே, முழங்காலை மடித்துத் தூக்கு. இரவுச் சாப்பாட்டை விடாதே, பாணும் தேத்தண்ணியும் சாப்பாடு இல்லை. அங்கேயும் இப்போது மழைக்குளிர் என்றாய், தலை ஈரத்தோடு படுக்காதே. நான் இதை எழுதும்போது அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்று எழுதச் சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன். "அங்க வயசான ஆக்களைத் தூக்கிறதுக்கு முன்னம் ஒரு வார்த்தை கேக்கச் சொல்லு. பாசை தெரியாட்டிலும் முகத்தைப் பாத்துக் கேக்கச் சொல்லு." அவ்வளவுதான் சொன்னார், சொல்லிவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார்.

நீ சித்திரைக்கு லீவு கேட்டிருப்பதாக ஷிஹானா சொன்னாள். கிடைத்தால் உடனே சொல்லு, கிடைக்காவிட்டாலும் மனதைப் போட்டு உடைக்காதே. வரும்போது எங்களுக்குச் சாமான் வாங்கிச் சுமக்க வேண்டாம். சூட்கேஸ் மட்டும் நல்ல சில்லு உள்ளதாகப் பார்த்து வாங்கு, படியால் தூக்கிக்கொண்டு வராமல் பின் வளவால் உருட்டிக்கொண்டு ஏறி வா, நான் மூலையில் வந்து நிற்பேன்.

மடு மாதா உன்னைத் தன் சேலைத்தலைப்புக்குள் வைத்துக் காக்கட்டும். அப்பாவின் ஆசீர், என் ஆசீர், தம்பியின் அன்பு எல்லாம் உனக்கு. கருவாட்டை வந்த அன்றைக்கே வெயிலில் ஒரு தரம் காயவிட்டு எடுத்து வை, மறந்துவிடாதே.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா
கிறேஸ் மரியதாஸ்